டோல்கீனின் கதைகளில் யாருக்கு யார் என்ன முறை: புதிய வாசகருக்கு ஒரு வழிகாட்டி

ஜே. ஆர். ஆர். டோல்கீனின் கற்பனை உலகக் கதைகளைப் படிக்கத் தொடங்கிப் பாதியில் மூடி வைத்துவிட்ட நண்பர்களிடம் காரணம் கேட்டால், பெயர்கள் நினைவில் நிற்பதில்லை என்றே பெரும்பாலும் சொல்வார்கள். நானும் 'தி சில்மரில்லியன்' நூலை இரண்டு முறை அப்படி மூடி வைத்தவன்தான். மூன்றாம் முறை பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் 'கசின்' என்றோ 'அங்கிள்' என்றோ வரும் இடங்களில் எல்லாம் அந்த உறவு நம் வழக்கில் என்ன முறையாகும் என்று எழுதிக்கொண்டே படித்தேன். பெரியப்பா மகனா, அத்தை மகனா, மாமன் மகளா என்று பிரித்து எழுதியபோதுதான், யார் யாருக்குச் சொத்தில் போட்டியாளர், யார் யாருக்காக உயிரைக் கொடுக்கக் கடமைப்பட்டவர், யாருடைய ஆசை ஏன் குற்றமாகக் கருதப்படுகிறது என்பவை எனக்குப் புலப்பட்டன. அந்த வழியைப் புதிதாகப் படிக்க வருபவர்களுக்குப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டுகளில் சில கதைத் திருப்பங்கள் வெளிப்பட்டுவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதல் படி: ஹாபிட்களிடம் தொடங்குங்கள்

'தி ஹாபிட்' 1937ஆம் ஆண்டிலும், 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று பாகங்களாக 1954, 1955ஆம் ஆண்டுகளிலும் வெளிவந்தன. கதையின் காலவரிசைப்படி இவற்றுக்கு முற்பட்ட நிகழ்ச்சிகளைச் சொல்லும் 'தி சில்மரில்லியன்', டோல்கீன் 1973இல் மறைந்த பிறகு, அவருடைய மகன் கிறிஸ்டோஃபர் டோல்கீனால் தொகுக்கப்பட்டு 1977இல் வெளியானது. காலவரிசையை நம்பி அதிலிருந்து தொடங்குபவர்கள், ஒரே அத்தியாயத்தில் ஃபின்வே, ஃபிங்கோல்ஃபின், ஃபினார்ஃபின், ஃபிங்கோன், ஃபின்ரோட் என்று அடுக்கடுக்காக வரும் பெயர்களில் சிக்கிக்கொள்வார்கள். ஆகையால் வெளிவந்த வரிசையிலேயே படிப்பது நல்லது. ஹாபிட்கள் என்ற குட்டை உருவ மனிதர்களின் உறவுகள் சிறியவை, கிராமத்துக் குடும்பங்களின் உறவுகள், கைப்பழக்கத்துக்கு ஏற்றவை.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் பாகத்தின் இறுதியில் பின்னிணைப்புகள் உள்ளன. அவற்றில் முதலாவது அரச வம்சங்களைப் பற்றியது, இரண்டாவது ஆண்டுவாரியான நிகழ்ச்சிப் பட்டியல், மூன்றாவது ஹாபிட் குடும்பங்களின் கொடிவழி. 'தி சில்மரில்லியன்' நூலின் இறுதியிலும் வம்சாவளி அட்டவணைகளும், ஒவ்வொரு பெயருக்கும் விளக்கம் தரும் நீண்ட பெயரடைவும் உள்ளன. இவற்றை அப்படியே படியெடுக்க வேண்டாம். படித்துக்கொண்டு வரும்போது நீங்களே வரைந்துவிட்டு, ஓர் அத்தியாயம் முடிந்த பின் சரிபார்க்க மட்டும் அவற்றைத் திறந்து பாருங்கள். அச்சிட்ட அட்டவணையைப் பார்ப்பதால் கிடைக்காத நினைவு, சொந்தக் கையால் ஒரு கோடு இழுப்பதால் கிடைக்கிறது.

இரண்டாம் படி: தாளும் குறிகளும்

பெரிய தாள் ஒன்றும் பென்சிலும் போதும். மானிடவியலார் பயன்படுத்தும் குறிகளையே எடுத்துக்கொள்ளலாம்: ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்கு இரட்டைக் கோடு, உடன்பிறப்புகளை இணைக்க மேலே ஒரு கிடைக்கோடு. முக்கோணமும் வட்டமும் கட்டாயம் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், அந்த உலகின் பெயர்களைக் கேட்டு ஆணா பெண்ணா என்று நம்மால் ஊகிக்க முடியாது என்பதுதான். நம் உறவுச் சொற்களோ, இடையில் நிற்பவர் ஆணா பெண்ணா என்பதைக் கொண்டே மாறுகின்றன. ஒருவருக்கு ஒரு பெயருக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே குறியின் கீழ் எழுதிவிடுங்கள். எல்வேயும் திங்கோலும் ஒரே மன்னர் என்பது தெரியாமல் இரண்டு முக்கோணங்கள் வரைந்தவர்கள் பலர்.

சாவில்லாதவர்களான எல்ஃப் இனத்தின் நோல்டோர் கிளையில் பெயர் சூட்டும் வழக்கம் தமிழருக்குப் பிடிபட எளிதானது. அக்கிளையின் அரசர் ஃபின்வேயின் மூன்று மகன்களுக்கும் தந்தை வைத்த பெயர்கள் குருஃபின்வே, நோலோஃபின்வே, அராஃபின்வே. மூன்றிலும் தந்தையின் பெயர் அப்படியே இருக்கிறது. தாத்தாவின் பெயரைத் தாங்குவதால் 'பெயரன்' என்றும், தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகவும் வைத்துக்கொள்ளும் நமக்கு இது புதிதன்று. இந்த மூவரே பிற்காலப் பெயர் வடிவங்களில் ஃபெயனோர், ஃபிங்கோல்ஃபின், ஃபினார்ஃபின் ஆகிறார்கள்.

மூன்றாம் படி: 'கசின்' என்று எழுதாதீர்கள்

இதுவே இந்த வழியின் உயிர்நாடி. தந்தையின் சகோதரர் பிள்ளைகளும் தாயின் சகோதரி பிள்ளைகளும் நமக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. தந்தையின் சகோதரி பிள்ளைகளும் தாயின் சகோதரர் பிள்ளைகளும் முறைமாமன், முறைப்பெண், மச்சான் என்று வேறு வகை. சொற்கள் ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் மாறினாலும் இந்தப் பிரிவு மாறுவதில்லை. அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் உலக உறவுமுறைகளைப் பற்றி வெளியிட்ட பெருநூலில் தமிழ் உறவுச் சொற்களைச் சேர்த்ததற்கும் இந்த நுட்பமே காரணம். ஆங்கிலம் இவ்வளவையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால், ஆங்கிலத்தில் படிக்கும் நாமும் அந்த வேறுபாட்டைத் தவறவிட்டுவிடுகிறோம்.

முதல் பயிற்சியாக, 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாயகன் ஃப்ரோடோவையும் 'தி ஹாபிட்' நாயகன் பில்போவையும் எடுத்துக்கொள்ளுங்கள். கதையின் தொடக்கத்திலேயே, பைவாட்டர் சாலையோர விடுதி ஒன்றில், ஃப்ரோடோவின் தோட்டக்காரர் சாமின் தந்தையான முதியவர், இந்த இருவரின் உறவை ஊராருக்கு விளக்குகிறார். ஃப்ரோடோவின் தாய் ப்ரிமுலா, 'முதிய டூக்' எனப்பட்ட டூக் குடும்பத் தலைவரின் இளைய மகளான மிரபெல்லாவின் மகள். பில்போவின் தாய் பெல்லடோனா, மிரபெல்லாவின் அக்கா. ஆகவே ப்ரிமுலாவுக்குப் பில்போ பெரியம்மா மகன், அதாவது அண்ணன். ஃப்ரோடோவுக்குத் தாய்மாமன் முறை. இனித் தந்தை வழியைப் பாருங்கள். பால்போ பேகின்ஸின் மகன்கள் முங்கோவும் லார்கோவும். முங்கோவின் மகன் பங்கோ, பங்கோவின் மகன் பில்போ. லார்கோவின் மகன் ஃபோஸ்கோ, ஃபோஸ்கோவின் மகன் ட்ரோகோ, ட்ரோகோவின் மகன் ஃப்ரோடோ. இந்த வழியில் பில்போவும் ட்ரோகோவும் பங்காளிகள். வயதில் மூத்தவரான பில்போ ஃப்ரோடோவுக்குப் பெரியப்பா.

ஒரே மனிதர் தாய்வழியில் மாமாவாகவும் தந்தை வழியில் பெரியப்பாவாகவும் வருகிறார். நம் வீட்டுப் பெரியவர்கள் இதைப் பார்த்தால் முறை இடிக்கிறதே என்பார்கள். தந்தைக்கும் சகோதரன், தாய்க்கும் சகோதரன் என்றால் அந்தத் தந்தையும் தாயும் எப்படித் திருமணம் செய்துகொண்டார்கள் என்று கேட்பார்கள். ஹாபிட்களுக்கு அந்தக் கணக்கு இல்லை. ஆனால் இந்த இடிப்பு நமக்கு ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது: பன்னிரண்டு வயதில் பெற்றோர் இருவரையும் ஆற்றில் பறிகொடுத்த பிள்ளைக்கு, இரண்டு பக்கத்திலும் நெருங்கிய உறவு என்று சொல்லத்தக்க பெரியவர் பில்போ ஒருவர். அவர் ஃப்ரோடோவைத் தத்தெடுத்துத் தம் வாரிசாக்கிக்கொண்டதில் இருக்கும் பொருத்தம், 'கசின்' என்ற சொல்லால் ஒருபோதும் தெரியவராது.

அந்தத் தத்தெடுப்பால் நட்டமடைந்தவர் ஓத்தோ சாக்வில்-பேகின்ஸ். பில்போவின் தந்தை பங்கோவுக்குத் தம்பி லாங்கோ. லாங்கோவின் மகன் ஓத்தோ. சித்தப்பா மகன், அசல் பங்காளி. பில்போவுக்கு மனைவி மக்கள் இல்லாததால் பேக் எண்ட் வீடு தமக்கே வரும் என்று ஓத்தோவும் அவருடைய மனைவி லொபீலியாவும் 60 ஆண்டுகள் காத்திருந்தார்கள். உயிலைப் படித்துப் பார்த்த ஓத்தோவுக்கு, ஹாபிட் சட்டப்படி ஏழு சாட்சிகள் சிவப்பு மையில் கையெழுத்திட்ட அந்த ஆவணத்தில் ஓட்டை எதுவும் கிடைக்கவில்லை. இதைப் பங்காளித் தகராறு என்று உங்கள் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். லொபீலியாவின் கோபம் வெறும் அற்பக் குணமாகத் தோன்றாமல், பரம்பரை வீடு கை நழுவிப் போனவரின் கோபமாகத் தோன்றும்.

அடுத்து ஃப்ரோடோவின் பயணத் தோழர்களான மெரியும் பிப்பினும். மெரியின் தாய் எஸ்மரால்டா, பிப்பினின் தந்தை பாலடினுக்கு உடன்பிறந்தவர். ஆகவே மெரி பிப்பினுக்கு அத்தை மகன். பிப்பின் மெரிக்கு மாமன் மகன். மச்சான்கள். அவர்களுக்குள் நடக்கும் கேலியும் சீண்டலும், ஆபத்து வந்தால் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காத பிடிவாதமும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஃப்ரோடோ இவர்களுக்கு என்ன முறை என்பதை நீங்களே வரைந்து பாருங்கள். விடை இதுதான்: ப்ரிமுலா, மெரியின் தாத்தா ரோரிமாக்குக்குத் தங்கை. ஆகவே ஃப்ரோடோ மெரியின் தந்தைக்கு அத்தை மகன், மெரிக்கு மாமா. பிப்பினின் பக்கம் கொஞ்சம் நீளமானது. பிப்பினின் தாத்தா அடல்கிரிமின் தந்தையும், ப்ரிமுலாவின் தாய் மிரபெல்லாவும் உடன்பிறந்தவர்கள். அதனால் ப்ரிமுலா அடல்கிரிமுக்கு அத்தை மகள். தந்தைக்கு முறைப்பெண்ணாக வருபவர் பிள்ளைகளுக்கு அம்மா முறை ஆகையால், ஃப்ரோடோ பிப்பினின் தந்தைக்குத் தம்பி, பிப்பினுக்குச் சித்தப்பா. எஸ்மரால்டாவுக்கும் அதே கணக்கில் ஃப்ரோடோ தம்பி என்பதால், மெரிக்கு அவர் தாய்வழியில் பார்த்தாலும் மாமாவே. இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் ஒத்து வந்த அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை.

நான்காம் படி: தாய்மாமன் கோட்டைத் தடித்து வரையுங்கள்

ஆங்கில 'அங்கிள்' என்ற சொல்லில் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தையின் கணவர் ஆகிய அனைவரும் அடக்கம். டோல்கீன் கதைகளில் இந்த நால்வரில் தாய்மாமனுக்குத் தனி இடம் உண்டு. அவர் 1925 முதல் 1945 வரை ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலோ-சாக்சன் (ஜெர்மானிய மொழியான பழைய ஆங்கிலம்) மொழிப் பேராசிரியராக இருந்தவர். அந்தப் பழைய ஜெர்மானிய மக்களிடையே சகோதரியின் மகன் தாய்மாமனுக்குத் தன் சொந்த மகனைப் போன்றவன் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். டோல்கீன் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த பழைய ஆங்கிலக் காவியத்தின் தலைவன் பேயோவுல்ஃபும் தன் மன்னன் ஹைகெலாக்கின் சகோதரி மகன்தான். தாய்மாமன் மடியில் அமர்ந்து காது குத்திக்கொண்டவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் படிக்கும் பலர் கவனிக்காமல் கடந்துவிடும் இந்தக் கோட்டை நாம் எளிதில் கண்டுகொள்ளலாம்.

'தி ஹாபிட்' கதையில் ஃபீலி, கீலி ஆகிய இரண்டு குள்ளர் இன இளைஞர்களும் தங்கள் தலைவர் தோரினைக் காக்கும் போரில் கேடயத்தாலும் உடலாலும் அவரை மறைத்து நின்று மாள்கிறார்கள். அவர் அவர்களுடைய தாயின் அண்ணன் என்பதையே டோல்கீன் அதற்குக் காரணமாகச் சொல்கிறார். வேறு காரணம் சொல்லவில்லை. ரோஹன் நாட்டில் எயோமரும் எயோவினும் மன்னர் தியோடனின் தங்கை தியோட்வினின் பிள்ளைகள். மன்னரின் ஒரே மகன் தியோட்ரெட் போரில் மடிந்த பின், அரியணை தங்கை மகனுக்குச் செல்கிறது. எயோவின் போர்க்களத்தில் மன்னரின் உடலருகே நின்று போரிடும் காட்சியைப் படிக்கும்போது, அவள் காப்பது தன் அரசரை மட்டுமன்று, பெற்றோரை இழந்த தன்னையும் அண்ணனையும் எடுத்து வளர்த்த தாய்மாமனை என்று உங்கள் தாள் உங்களுக்குச் சொல்லும்.

இதே குடும்பத்தில் இன்னொரு நல்ல பயிற்சி இருக்கிறது. எயோவின் மணப்பது கோண்டோர் நாட்டின் ஃபாரமிரை. ஃபாரமிரின் தாய் ஃபிந்துய்லாஸ்; அவருடைய சகோதரர் இளவரசர் இம்ராஹில்; இம்ராஹிலின் மகள் லோத்திரியலை எயோமர் மணக்கிறார். தன் தங்கையை ஃபாரமிருக்குக் கொடுத்து, ஃபாரமிரின் மாமன் மகளைத் தான் எடுத்திருக்கிறார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம் என்று நாம் சொல்வதற்கு மிக அருகில் வருகிறது இது. பின்னிணைப்பில் ஒரே வரியில் வரும் அந்தத் திருமணத்தால் இரண்டு நாடுகளின் ஆளும் குடும்பங்களும் இரண்டு முடிச்சுகளால் கட்டப்படுகின்றன.

ஐந்தாம் படி: தாயின் பெயரை விட்டுவிடாதீர்கள்

'தி சில்மரில்லியன்' நூலுக்கு வந்ததும் புதியவர்கள் செய்யும் முதல் பிழை, தந்தை–மகன் வரிசையை மட்டும் எழுதுவது. அந்த நூலின் பெரும்பூசல்கள் எல்லாம் தாய்களின் வட்டங்களிலிருந்து கிளம்புகின்றன. ஃபின்வேயின் முதல் மனைவி மீரியல், ஃபெயனோரைப் பெற்றபின் உயிரில் பற்று நீங்கி இறந்துபோகிறார். பிறகு ஃபின்வே இந்திஸை மணந்து ஃபிங்கோல்ஃபினையும் ஃபினார்ஃபினையும் பெறுகிறார். சாவில்லாத இனத்தில், மனைவி இறந்து மறுமணம் செய்துகொண்டது அதுவரை நடவாத செயல். மூத்த தாரத்து மகனுக்கும் இளைய தாரத்து மக்களுக்கும் இடையிலான கசப்பு என்று எழுதிக்கொண்டால், ஃபெயனோர் தன் தம்பியின் மார்பில் வாள் முனையை வைக்கும் இடம் முதல், பின்னாளில் அரசுரிமை இளைய தாரத்துக் கிளைக்குக் கைமாறுவது வரை எல்லாவற்றுக்கும் வேர் ஒரே இடத்தில் தெரியும். 'பாதிச் சகோதரன்' என்ற ஆங்கில அளவைச் சொல் தமிழுக்கு ஒட்டாது. எந்தத் தாயின் பிள்ளை என்று கேட்பதே நம் வழக்கம், அந்தக் கேள்வியே இங்கே சரியான கேள்வியும்கூட.

ஃபினார்ஃபினின் மனைவி எயார்வென். அவர் கடலோர நகரின் அரசர் ஓல்வேயின் மகள். ஓல்வேயின் அண்ணன்தான் டோரியாத் நாட்டு மன்னர் திங்கோல். ஆகவே திங்கோல் எயார்வெனுக்குப் பெரியப்பா. அவருடைய பிள்ளைகளான ஃபின்ரோடுக்கும் கலாட்ரியலுக்கும் தாத்தா முறை. திங்கோலின் மகள் லூத்தியன் அவர்களுக்குச் சித்தி முறை. நோல்டோர் இளவரசர்களில் இந்தக் கிளையினரை மட்டும் திங்கோல் தம் நாட்டுக்குள் அனுமதிக்கிறார். அதற்கான காரணம் முழுவதும் எயார்வென் என்ற ஒரு வட்டத்தில் இருக்கிறது. அந்த வட்டத்தை வரையாதவருக்கு, கலாட்ரியல் ஏன் டோரியாத்தில் தங்கினார் என்பதும், நோல்டோர் ஓல்வேயின் மக்களைக் கொன்ற செய்தி தெரிந்தபோது திங்கோலின் சினம் ஏன் அவ்வளவு கடுமையானது என்பதும் விளங்காது. கொல்லப்பட்டவர்கள் அவருடைய தம்பியின் குடிகள். ஃபின்ரோடுக்கோ அவர்கள் தாய்வீட்டு மக்கள்.

மனிதக் குடும்பங்களிலும் இதையே செய்யுங்கள். ஹூரினும் ஹுவோரும் அண்ணன் தம்பி. அவர்கள் மணந்த மோர்வெனும் ரியானும் சகோதரர் இருவரின் மகள்கள், ஆகவே நம் முறையில் அக்கா தங்கைகள். இவர்களின் பிள்ளைகள் தூரினும் துவோரும் தந்தை வழியிலும் தாய் வழியிலும் அண்ணன் தம்பிகள். ஆங்கிலப் பக்கத்தில் அவர்கள் 'கசின்'கள்தாம். வாழ்நாளில் ஒரே ஒரு முறை, இவ்ரின் நீர்நிலைகளின் அருகே, கறுப்பு உடையில் வாளேந்திக் கடந்துசெல்லும் ஒருவனைத் துவோர் பார்க்கிறான். அவன் யார் என்று துவோருக்குத் தெரியாது. அது தன் அண்ணன் என்று உங்கள் தாளில் எழுதியிருந்தால், அந்தப் பத்தியை அவ்வளவு சுலபமாகக் கடக்க மாட்டீர்கள்.

ஆறாம் படி: திருமணம் என்று வந்தால் நம் முறையை ஒதுக்கி வையுங்கள்

இதுவரை தமிழ் உறவுச் சொற்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டே வந்தோம். இந்த ஓரிடத்தில் அவை நம்மைத் தவறான வழியில் கொண்டுபோய்விடும். கோண்டோலின் நகரின் மன்னர் துர்கோனுக்குத் தங்கை அரெதெல். அவள் காட்டில் வாழ்ந்த எயோல் என்பவனை மணந்து மைக்லினைப் பெறுகிறாள். பின்னர் மகனுடன் அண்ணன் வீட்டுக்குத் திரும்புகிறாள். பின்தொடர்ந்து வந்த எயோலின் கையாலேயே நஞ்சு தோய்ந்த ஈட்டியால் இறக்கிறாள். அதற்காகத் துர்கோன் எயோலுக்கு மரண தண்டனை விதிக்கிறார். தாயும் தந்தையும் இல்லாத மைக்லின் தாய்மாமன் வீட்டில் வாழ்ந்து, மாமன் மகள் இத்ரிலின் மேல் ஆசை கொள்கிறான்.

தமிழ் வாசகர் இங்கே உடனடியாக என்ன நினைப்பார்? மாமன் மகள், முறைப்பெண், உரிமை உள்ளவன்தானே கேட்கிறான் என்று நினைப்பார். நானும் முதன்முறை அப்படித்தான் படித்தேன். இத்ரில் அவனை வெறுப்பதற்கு அவனுடைய குணம் மட்டுமே காரணம் என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் எல்ஃபுகளிடையே அவ்வளவு நெருங்கிய உறவில் எவரும் மணந்துகொள்வதில்லை. அப்படி விரும்பியவரும் அதற்கு முன் இருந்ததில்லை என்று நூல் வெளிப்படையாகவே சொல்கிறது. அவர்கள் கண்ணில் மைக்லினின் ஆசை, நமக்குச் சொந்தத் தங்கை மேல் ஒருவன் ஆசைப்படுவதைப் போன்றது. அந்த அருவருப்பை உணராமல் படித்தால் அவன் ஏமாற்றப்பட்ட காதலனாகத் தோன்றுவான். உணர்ந்து படித்தால், தன் ஆசையை எவரிடமும் சொல்ல முடியாமல் உள்ளுக்குள்ளேயே இருண்டுபோனவனாகத் தோன்றுவான். பின்னாளில் அவன் பகைவனிடம் சிக்கி நகரின் இருப்பிடத்தைச் சொல்லிவிடுவதற்கு, இத்ரில் கிடைப்பாள் என்ற வாக்குறுதியும் ஒரு காரணமாகிறது. தாய்மாமனுக்கு உயிர் கொடுத்த ஃபீலியையும் கீலியையும், தாய்மாமனின் நகரையே காட்டிக்கொடுத்த மைக்லினையும் ஒரே தாளில் பார்க்க முடிவது, நான்காம் படியில் தடித்த கோடு வரைந்ததன் பயன்.

எனவே திருமணக் கோடு வரையும்போது, அந்த இனத்தின் வழக்கம் என்ன என்று தனியே ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். ஹாபிட்கள் தூரத்து உறவுகளுக்குள் தாராளமாக மணக்கிறார்கள். எல்ஃபுகள் நெருங்கிய உறவில் மணப்பதில்லை. முறைச் சொல் உறவைப் பார்க்க உதவும் கண்ணாடி. அந்த ஊரின் சட்டம் வேறு.

ஏழாம் படி: தலைமுறையை வயதோடு சேர்க்காதீர்கள்

சாவில்லாதவர்களும் சாவுள்ளவர்களும் ஒரே கொடியில் வரும்போது, ஒரே கிடைமட்டத்தில் இருப்பவர்கள் ஒரே வயதினர் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும். கலாட்ரியலும் துர்கோனும் பெரியப்பா சித்தப்பா மக்கள். ஆகவே துர்கோனின் மகள் இத்ரிலுக்குக் கலாட்ரியல் அத்தை, கலாட்ரியலின் மகள் கெலெப்ரியான் அத்தை மகள். இத்ரிலின் மகன் எயாரெண்டில். அவருடைய மகன் எல்ரோண்ட். இந்த எல்ரோண்ட் மணப்பது கெலெப்ரியானை, அதாவது தன் பாட்டியின் அத்தை மகளை. மேலும் கீழுமாக இரண்டு தலைமுறைகள் தாண்டிய இந்தக் கோட்டை நேராக வரைய முயன்று தாளைக் கிழிக்க வேண்டாம், வளைத்து வரைந்துவிடுங்கள்.

அரகோர்னும் ஆர்வெனும் இன்னும் பெரிய எடுத்துக்காட்டு. எல்ரோண்டும் எல்ரோஸும் இரட்டைப் பிள்ளைகள். எல்ஃபாக இருப்பதா மனிதராக இருப்பதா என்ற தெரிவு கிடைத்தபோது, எல்ரோண்ட் எல்ஃபுகளையும் எல்ரோஸ் மனிதரையும் தேர்ந்தெடுத்தார்கள். எல்ரோண்டின் மகள் ஆர்வென். எல்ரோஸின் வழியில், பல பத்துத் தலைமுறைகளுக்குப் பின் வந்தவர் அரகோர்ன். எல்ரோஸின் மகனுக்கு ஆர்வென் சகோதரி முறை; அவள் பிறந்ததோ அந்த மகன் இறந்து 3,000 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. கதை உலகின் மூன்றாம் யுகத்தின் 241ஆம் ஆண்டில் ஆர்வென் பிறந்தாள், 2931இல் அரகோர்ன் பிறந்தார், 3019இல் மணந்தார்கள். எல்ரோஸ் முதல் அரகோர்ன் வரையுள்ள எல்லாப் பெயர்களையும் எழுத வேண்டியதில்லை. புள்ளிக்கோடு போட்டு, இடையில் சில்மரியேன் என்ற பெண்ணை மட்டும் தவறாமல் குறியுங்கள். அவள், எல்ரோஸின் வழியினர் ஆண்ட நூமெனோர் நாட்டு மன்னரின் மூத்த பிள்ளை. பெண் ஆள முடியாத காலம் ஆகையால் மகுடம் அவளுடைய தம்பிக்குப் போயிற்று. அரகோர்னின் வம்சம் இறங்கி வருவது அந்தப் பெண் வழியில்.

எட்டாம் படி: பென்சிலை மைக்கு மாற்றாதீர்கள்

டோல்கீன் தம் பழங்கதைகளைப் பல பத்தாண்டுகள் திருத்திக்கொண்டே இருந்தார். உறவுகளும் திருத்தத்துக்குத் தப்பவில்லை. கில்-கலாட் என்ற அரசர் 1977இல் வெளியான நூலில் ஃபிங்கோனின் மகன். அப்படி அச்சிட்டது பிழை என்று கிறிஸ்டோஃபர் டோல்கீனே பின்னர், 1983 முதல் 1996 வரை 12 தொகுதிகளாகத் தாம் வெளியிட்ட ஆய்வு வரிசையின் கடைசித் தொகுதியில் எழுதினார். தந்தையின் இறுதிக்காலக் குறிப்புகளில் கில்-கலாட் ஓரோட்ரெத்தின் மகன். அந்த ஓரோட்ரெத்தும், அச்சிட்ட நூலில் உள்ளது போல ஃபின்ரோடின் தம்பியாக இல்லாமல், அவருடைய தம்பி ஆங்ரோடின் மகனாக வருகிறார். இரண்டையும் ஏற்றுக்கொண்டால் ஒரே மனிதர் கலாட்ரியலுக்கு ஒரு கணக்கில் ஃபிங்கோன் வழியில் அண்ணன் மகன், மற்றொரு கணக்கில் ஆங்ரோடின் பேரன்.

புதியவர்கள் முதல் வாசிப்பில் 1977ஆம் ஆண்டு நூலின் உறவுகளையே பின்பற்றுவது நல்லது என்பது என் கருத்து. கதை அந்த நூலில்தான் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. பின்னர் ஆய்வுத் தொகுதிகளைப் படிக்கும் நாள் வந்தால், கில்-கலாடின் முக்கோணத்திலிருந்து ஃபிங்கோனுக்கு ஒரு புள்ளிக்கோடும் ஓரோட்ரெத்துக்கு இன்னொரு புள்ளிக்கோடும் இழுத்து, ஒவ்வொன்றின் மேலும் அது எந்த ஆண்டு நூலில் உள்ளது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.